சாம்பல் சட்டைக்காரர்

அவர் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். என்ன விளக்கு, எங்கே தொங்குகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் எதிரில் நிற்கிற மனுஷர் முகத்தைப் பார்ப்பார். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு காத்துக்கொண்டு நிற்பார்கள். இவர் பந்தலில் கட்டிய சீரியல் லைட்டை ஆராய்ந்துகொண்டிருப்பார். தெரியாதவர்களுக்கு, இந்த ஆள் மேலே என்ன, பல்லியைத் தேடுகிறானா என்று தோன்றும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், நேரு வீதியில் ஒரு நகைக்கடை. எழுபதுகளின் கடைசியில் அங்கே முத்துப் பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மில்லில் வேலை பார்த்த அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்றே பேர். கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்துக் கடைக்கு வருவேன். வயசுப் பெண் சைக்கிளில் போகிறாள், கடையில் நின்று விற்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டுமே, அவர்களா வந்து எங்கள் வீட்டு உலையில் அரிசி போடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

முத்துப் பகுதிக்கு அவர்தான் எல்லாம். பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அவர் "அண்ணே". நாற்பது வயதிருக்கும், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒடிசலான உடம்பு. கடையில் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருக்க, இவர் மட்டும் வருஷம் பூராவும் சாம்பல் நிறச் சட்டை. முதலாளி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"வெள்ளச் சட்ட போட்டுக்கினு குனிஞ்சா அந்த வெளுப்பு முத்துல ஏறிடும் மொதலாளி. அப்புறம் நா பாக்கறது முத்த இல்ல, என் சட்டைய."

வாங்க வருகிறவர்களையும் விட மாட்டார். அரக்குப் புடவையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தால், "கொஞ்சம் முந்தானையப் பின்னால போட்டுக்கங்கம்மா, முத்து செவந்து தெரியுது" என்பார். அந்த அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்க்கும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் துடைப்பேன். பெரிய மார்க்கெட்டில் சிவப்புத் தார்ப்பாய்க்குக் கீழே தக்காளி விற்கிறவளிடமும் இதே வழக்குதான். கூடையிலிருந்து ரெண்டு காயை எடுத்து வெயிலில் நீட்டிப் பார்த்து, "ஏம்மா, காயெல்லாம் பழமாட்டம் காட்டறியே" என்பார். "வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா போய்க்கினே இரு. முத்து விக்கிற ஆளு எனக்கு நாயம் சொல்ல வந்துட்டாரு" என்று ஒருநாள் அவள் ஒரே போடாகப் போட்டாள். அவர் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தார்.

கடையில் மூன்று வெளிச்சம் இருந்தது. கூடம் முழுக்க டியூப்லைட். எங்கள் மேஜைக்கு மேலே மட்டும் தகரத் தொப்பி போட்ட ஒரு குண்டு பல்பு, அதற்குத் தனி ஸ்விட்ச். மூன்றாவது, பின்கட்டு அறையில் வடக்கு பார்த்த ஜன்னல். சேர்ந்த முதல் வாரமே ஒரே சரத்தை மூன்று இடத்திலும் வைத்துக் காட்டினார். டியூப்லைட்டில் அது சுண்ணாம்பு உருண்டை மாதிரி இருந்தது. பல்பைப் போட்டதும் ஒவ்வொரு முத்திலும் ஒரு பொட்டு மினுங்கி, பாலாடை நிறம் வந்துவிட்டது. வடக்கு ஜன்னலில் வைத்தபோது இரண்டும் இல்லை. ஒன்று லேசாகப் பச்சையடித்தது, இன்னொன்றில் கீறல், நாலைந்து முத்து மட்டும் நிஜமாகவே நன்றாக இருந்தது.

"பகல் பத்து மணிக்கு இந்த ஜன்னல்ல எப்டி இருக்குதோ அதான் முத்து. மத்ததெல்லாம் வெளக்கு" என்றார்.

"அப்போ நாம பல்பு போட்டுக் காட்டறது பொய்யாண்ணே?"

"நா வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லி நீ கேட்டிருக்கியா? ஸ்விட்ச்சப் போடறேன், அவ்ளோதான். பாக்கற கண்ணு அவங்களுது."

அது உண்மைதான். அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை. "இது ஒசத்தியா?" என்று கேட்டால் "நீங்களே பாருங்கம்மா" என்பார். "நாள்பட நிறம் மாறாதா?" என்றால் "மாறும், வேர்வ படாம வெச்சிக்கங்க" என்பார். சும்மா சொல்லக் கூடாது, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வார். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதே அந்தப் பல்புக்குக் கீழே யாருக்கும் தோன்றாது.

சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். சொல்தா வீட்டு மதாம் ஒருத்தர் வந்தார். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து சைகோனில் செத்துப்போனவர். அங்கே வாங்கின முத்துமாலையை விற்கக் கொண்டுவந்திருந்தார். கைக்குட்டையில் முடிந்து, அதைக் கைப்பைக்குள் வைத்து, அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் மாலையை வாங்கினார். பல்பைப் போடவில்லை. எழுந்து, கூடத்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே போய், முதலாளியின் வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் வைத்தார். மாலை செத்துப்போய்க் கிடந்தது. மதாம் அதைப் பார்த்தார். இத்தனை வருஷம் இதையா கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தோம் என்கிற மாதிரி ஒரு பார்வை. அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதலாளி சொன்ன விலைக்கு மதாம் தலையாட்டிவிட்டு, "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து அதே மாலை எங்கள் மேஜையில் கறுப்பு வெல்வெட்டில், பல்புக்குக் கீழே ஜொலித்தது. ஒரே பார்வையில் விற்றுப்போனது.

அதற்கடுத்த மாதம் வீராம்பட்டினத்திலிருந்து ஒரு மீன்காரம்மா, மகள் கம்மலுக்கு இரண்டு முத்து வேண்டும் என்று வந்தது. அந்தம்மாவுக்கு எதைக் காட்டினாலும் பிடித்திருந்தது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வாங்கம்மா என்று பின்கட்டுக்கு அழைத்துப்போய், வாடிக்கைக்காரர் யாரும் கால் வைக்காத அந்த வடக்கு ஜன்னலில் உட்காரவைத்து, "இதுல கீறல் இருக்குது பாருங்க, இது வேணாம். இது சோடி சேராது. இது ரெண்டும் எடுத்துக்கங்க" என்று பொறுக்கிக் கொடுத்தார். அரைமணி நேரம் ஆனது. முதலாளி முறைத்தார்.

"அந்த மதாமுக்கு ஏண்ணே அப்டிப் பண்ணல?" என்று கேட்டேன்.

"அவங்க பொட்டியில இன்னும் பத்து மால இருக்கும். இந்தம்மா ஆயுசுல முத்து வாங்கறது இதோட சரி."

மதாமின் பெட்டியில் ஒன்றும் கிடையாது. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் எங்கள் தெருக்காரி, வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாள். அதுதான் அவர் விற்ற கடைசி நகை என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை என்பதுதான் நிஜம்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

அக்கா கலா என்னைவிட நாலு வயது பெரியவள். இடது தாடைக்குக் கீழே ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு, காதுக்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று. அம்மா அதைத் தேமல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், ஒட்டாது, உயிருக்கு ஒன்றுமில்லை, போகவும் போகாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கடிதம் போடுகிறோம் என்று போனார்கள். அதற்கப்புறம் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே யார் வந்தாலும் மொதல்லயே சொல்லிடுங்க. தெரிஞ்சிக்கினு வர்றவன் வந்தா கட்டிக்கிறேன். இல்லன்னா டைப்ரைட்டிங் முடிச்சிட்டு வேலைக்குப் போறேன். எனக்கென்ன, கையா காலா போயிடுச்சி?"

அவளுக்கு அவசரமில்லை. அவசரம் எனக்கு. எனக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலோ, பெரியவள் இருக்கும்போது சின்னவளை எப்படி எடுப்பது என்று நாள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் தவளக்குப்பத்திலிருந்து அக்காவுக்கு ஒரு இடம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம், பையனுக்கு டவுனில் வேலை. அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்: "தரகர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சிக்கா. அவங்களுக்குப் பரவாயில்லையாம்." தரகரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணனிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"எங்க வீட்டுக்கு ஒருவாட்டி வரணும்ணே. முன்னறையில வெளக்கு மாத்தித் தரணும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அக்கா ஒருமுறை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்திருக்கிறார். நூல் கோத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"முத்துக்கு வாயில்ல. எந்த வெளிச்சத்துல வெச்சாலும் சும்மா கெடக்கும். உங்கக்காவுக்கு வாய் இருக்குது. கேட்டியா?"

"கேட்டுட்டேண்ணே."

"என்னா சொல்லிச்சி?"

"சரின்னுதான் சொன்னா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு, "நாளைக்குச் சாயங்காலம் வரேன்" என்றார்.

அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். வந்தார், அண்ணாந்து பார்த்தார். டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நாற்பது வாட் பல்பைப் பழைய தகரத் தொப்பியில் மாட்டி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், அக்கா உட்காரும் நாற்காலிக்கு வலது கைப்பக்கமாகத் தொங்கவிட்டார். பிறகு என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி, பவுடரைத் தண்ணீரில் குழைத்து, என் இடது தாடைக்குக் கீழே விரலால் ஒரு பொட்டு வைத்தார். எட்டப் போய்ப் பார்த்தார். பல்பை நாலு விரற்கடை இறக்கினார். மறுபடி எட்டப் போனார்.

"வெளுப்ப டியூப்லைட்டு தூக்கிக் காட்டும். இது மஞ்சளாக்கி அமுக்கிடும். ஜன்னலத் தொறந்தா எல்லாம் போச்சி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வரச் சொல்லு."

அம்மா கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். வைத்த பொட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டியூப்லைட்டில் சோக் போய்விட்டது என்று அக்காவிடம் அம்மா சொன்னாள்.

தவளக்குப்பத்துக்காரர்கள் ஆறரைக்கு வந்தார்கள். அக்கா வந்து உட்கார்ந்தாள். நிஜமாகச் சொல்கிறேன், அத்தனை அழகாக அவளை நான் பார்த்ததில்லை. பையனின் அம்மா விசிறிக்கொண்டே, "ஜன்னலத் தொறங்கம்மா, புழுங்குது" என்றது. "கொசு வந்துடும்மா, இந்தப் பக்கம் கொசு தாங்காது" என்று நான் ஓடிப்போய் விசிறியை வாங்கி வீசினேன். போகும்போது அந்தம்மா அக்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தது. தெரிந்தும் இவ்வளவு பிரியமா என்று அக்காவின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் படுக்கும்போது, "நல்லவங்கடி" என்றாள்.

விடியற்காலை முகூர்த்தம். கழுத்து நிறைய மாலை. யாரும் எதையும் பார்க்கவில்லை. இருபத்தொரு நாள் அந்த வீட்டில் இருந்தாள். பகலிலும் உள்ளே இருட்டுகிற பழைய ஓட்டு வீடு; பையன் பார்த்திருந்தாலும் வீட்டில் சொல்லவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலை வெயிலில், கிணற்றடியில் தலை துவட்டும்போது மாமியார் பார்த்துவிட்டது. அக்கா ஒன்றும் புரியாமல், "உங்களுக்குத்தான் தெரியுமே அத்த" என்றாளாம். அந்தப் பேச்சு வேறு அவர்களுக்கு நெஞ்சழுத்தமாகப் பட்டிருக்கிறது. அன்றைக்கே டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். பையன் வாயில்லாப் பூச்சி, பெட்டியைத் திண்டாடித் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். "மறச்சிக் கட்டி வெச்சிட்டீங்க. உங்களுக்கும் இன்னொரு பொண்ணு இருக்குதே" என்று பையனின் அம்மா என்னைக் காட்டி எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது.

அக்கா என்னிடம் கேட்டாள். தரகர்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார், பாவி என்றேன். அவள் நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

கடைக்கு நாலு நாள் லீவு போட்டேன். நான் வராததற்குக் காரணம் எப்படியோ அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே நின்றேன். அவர் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றபடியே பேசினார்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தாம்மா வந்தேன். அந்தப் பல்ப நா மாட்டியிருக்கக் கூடாது."

அக்கா கீரையை வைத்தாள். "என்னா பல்பு?"

அவர் கண் தானாக உள்ளே, மேலே போயிற்று. அக்கா எழுந்து முன்னறைப் பல்பைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல், நாற்காலி, மறுபடி பல்பு. கண்ணெதிரே அவளுக்கு ஒவ்வொன்றாய்ப் புரிந்துகொண்டு வந்தது.

"சோக் போயிடுச்சின்னாங்களே... என் கழுத்துக்குத்தான் இத மாட்டினீங்களா? வீட்டுல எவ்ளோ தடவ சொன்னேன், எதையும் மறைக்காதீங்கன்னு? உங்கள யாரு கூப்ட்டது?"

அவர் என்னைப் பார்த்தார். அக்காவை நான் கேட்கவே இல்லை, இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன் என்பது அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. சமையலறையில் அம்மா பாத்திரம் உருட்டுவதை நிறுத்தியது கேட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. நான் சுவரோரமாக நகர்ந்துகொண்டேன்.

"யாரும் கூப்பிடலம்மா" என்றார். "பொண்ணு பாக்க வராங்கன்னு உன் தங்கச்சி கடையில சொல்லிச்சி. நீ ஒருவாட்டி சாப்பாடு கொண்டாந்தப்ப உன் கழுத்தப் பாத்திருந்தேன். லைட்டு ரிப்பேர் பண்றேன்னு நானாத்தான் வந்து மாட்டினேன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க யாரு அதுக்கு?" என்றாள் அக்கா. கத்தவில்லை. "நா என்னா உங்க கடையில கெடக்கற சாமானா? வெளிச்சம் போட்டு வித்துட்டீங்களே."

"தப்புதாம்மா."

"போங்க. இந்த வாசல்ல இன்னொரு தடவ நிக்காதீங்க."

போனார். தெருமுனை திரும்பும்வரை சாம்பல் சட்டை வெயிலில் தெரிந்தது. அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பல்பைக் கழற்றி, சாக்கடையில் போட்டு உடைத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அவர் எப்போதும்போல முத்துகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்ணே அப்டிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நா வெளியாளு. என்னத் திட்டிட்டு மறந்துடும். உன்ன விட்டா அதுக்கு யாரு இருக்காங்க?" என்றார். முத்துகளைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஆனா நீயே ஒரு நாளு சொல்லிடணும். ஆறினப்புறம் சொல்லு. சொல்லாம மட்டும் இருந்துடாத" என்றார்.

அதற்கப்புறம் நாலைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அவ்வப்போது காலையில், "அக்கா நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்லிவிட்டேனா என்றுதான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "நல்லா இருக்காண்ணே" என்பேன். எண்பதுகளின் நடுவில் கடையை விட்டுவிட்டுத் தெற்கே எங்கேயோ போய்விட்டார். தகவல் இல்லை. இருந்தால் இப்போது தொண்ணூறு வயது நெருங்கியிருக்கும்.

அக்கா வீடு திரும்பி ஒன்றரை வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்காகக் காத்திருந்தவரேதான். பெரியவளுக்கு ஒரு தடவை முடித்தாயிற்றே, இனி என்ன தடை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, ரிடையர் ஆகும்வரை பார்த்தாள். என் இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள் என்று சொல்ல வேண்டும். வெள்ளை இப்போது முகம் முழுக்கப் பரவிவிட்டது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, முழுக் கண்ணாடி முன்னால் நின்று பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு கடைகண்ணிக்குப் போய்வருகிறாள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் ஒரே வீட்டில்.

அவளுக்கு ஆறவில்லை. தவளக்குப்பத்துக்காரர்களைக்கூட மன்னித்துவிட்டாள், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம் என்கிறாள். அண்ணனை மட்டும் விடவில்லை. போன வாரம் கூட, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"யார் பெத்த பொண்ணோன்னு ஒருத்தன் வந்து வெளையாடிட்டுப் போயிட்டான் பாரு. அவன் நல்லாவா இருந்திருப்பான்? நீயே சொல்லு."

"அதான" என்றேன்.